இடது முன்பல்

செயற்கைப் பல் செய்யும் எங்கள் கூடத்தில் யாருடைய வாயிலும் பொருந்தாத ஒரு மேல்தாடை இருக்கிறது. ரோஜா நிற மெழுகில் பதித்த பதினான்கு பீங்கான் பற்கள். சூளைக்கு மேலே உள்ள அலமாரியில், தூசி படாமல் இருக்க ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பல்லின் உட்புறத்திலும் ஊசிமுனை எழுத்தில் ஒரு ராக் இசை பேண்டின் பெயர் இருக்கும்.

ப்ராக்ரெசிவ் ராக் என்பது மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்க மறுத்த ராக். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நடுவில் நாலு தடவை தாளம் மாறும். எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் வரும். பாட வேண்டியவர் பத்து நிமிடம் கழித்துத்தான் வாயைத் திறப்பார். இதில் யார் பெரியவர்கள் என்பதைச் சொல்வதுதான் அந்தத் தாடை. முன்னால் தெரியும் ஆறு பற்களும் மகான்கள். நடுவில் வலதுபுறம் கிங் கிரிம்சன், இடதுபுறம் கேமல். அவர்களுக்கு இரு பக்கமும் பிங்க் ஃப்ளாய்டும் ஜெனசிஸும். கோரைப்பற்கள் இரண்டும் யெஸ், ஜெத்ரோ டல். மற்றவர்கள் கடைவாயில் கிடந்து அரைக்க வேண்டியதுதான்.

விஷயம் தெரிந்த யாரும் கேமலை அங்கே வைக்க மாட்டார்கள். நல்ல பேண்ட் என்பார்கள், இரண்டாம் வரிசை என்பார்கள். ஆனால் தாடை மாமாவுடையது.

மாமா என் அம்மாவின் தம்பி. கூடமும் அவருடையதுதான். பல் மருத்துவர்கள் அச்சும் சீட்டும் அனுப்புவார்கள். நாங்கள் மூன்று பேர் அதைப் பல்லாக்கித் திருப்பி அனுப்புவோம். மெழுகில் வடிவம் செதுக்குபவர் மெழுகண்ணன். பல்லைச் சுட்டு எடுப்பவர் மாமா. நிறம் தீட்டுபவள் நான். பதினாறு நிற மாதிரிகளை வைத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லின் மஞ்சளையும் சாம்பலையும் பிடிப்பது என் வேலை. மாமா என்னைச் 'சாயம்' என்று கூப்பிடுவார். நான் நன்றாகச் செய்தேன் என்பதற்கு ஒரே அடையாளம், நான் செய்தது யாருக்கும் தெரியாமல் போவதுதான். பல் போய்ச் சேரும் வாய் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மருத்துவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகும்.

பீங்கான் ஒரு முறை சூளைக்குள் போனால் வெளியே வரப் பதினெட்டு நிமிடம் ஆகும். மாமா கடிகாரத்தை நம்புவதில்லை, கேசட்டை நம்புவார். அவரிடம் ஒரு கேசட் இருந்தது. அதன் உறையில் பென்சிலால் 'கேமல், வானொலி' என்று எழுதியிருக்கும். இருபத்து நாலு வயதில், வானொலி நிலையத்து ஒலிப்பதிவாளர் ஒருவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்று செய்து கொடுத்து, அதற்குப் பதிலாக வாங்கியது. சரியாகப் பதினெட்டு நிமிடம் ஓடும் ஒரே துண்டு. கடைசிச் சில விநாடிகளைத் தவிர எந்த இசைத்தட்டிலும் வராதது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதது. அதை அவர் வெளியே எடுத்துப் போனதுமில்லை, நகல் எடுக்க விட்டதுமில்லை.

"கேமலைப் பத்திப் பேசறவன்லாம் கேமலோட நிழலைப் பாத்தவன்," என்பார். "நாமதான் ஒட்டகத்தையே பாத்தவங்க."

"கூடாரத்துல ஒட்டகத்துக்கு இடம் குடுத்த கதைதான்," என்பார் மெழுகண்ணன். "மூக்க மட்டும்தான் விட்டுச்சு. இப்போ முன்பல்லுல வந்து உக்காந்திருக்கு."

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பதினெட்டு நிமிடத்தை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்டிருக்கிறேன். பதினோராவது நிமிடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு டிரம்ஸ் நின்றுவிடும். இரண்டு நிமிடத்துக்குத் தாளமே இல்லை. அந்தரத்தில் கம்பி மேல் நடப்பவளைப் போல ஒரு புல்லாங்குழல் மட்டும் போகும். பிறகு டிரம்ஸ் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். அந்த 'டொக்' வரும்போது கூடத்தில் எல்லோரும் கையில் இருப்பதை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். இது யார் வைத்த வழக்கமோ, நான் வருவதற்கு முன்பே இருந்தது.

"தாளத்தையே தூக்கிப் போட்டான் பாரு," என்பார் மாமா. "ப்ராக்ல இவ்வளவு துணிச்சலான ரெண்டு நிமிஷத்த யாரும் வாசிச்சதில்ல. பிங்க் ஃப்ளாய்ட் வாசிக்குமா இத? ஊதின ரப்பர் பன்னியையும் அட்டைச் சுவத்தையும் தூக்கிட்டு மேடையேறத்தான் தெரியும் அவங்களுக்கு."

வருடத்தில் ஒரு நாள், மருத்துவர்கள் எல்லோரும் ஒன்றாக விடுப்பில் போகும் வாரத்தில், தாடையைக் கீழே இறக்குவோம். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் ஒரு பல்லுக்கு உரிமை கேட்கலாம். கேட்பவர் ஒரு பல் செய்து சூளையில் வைக்க வேண்டும். அது வேகும் பதினெட்டு நிமிடமும் அந்த பேண்டைப் போட்டுக் காட்ட வேண்டும். நடுவில் பேசினாலும் எழுந்தாலும் வாக்கு போய்விடும். பிறகு கை தூக்க வேண்டும். வென்றால் பல் தாடைக்குப் போகும், தோற்றால் அச்சு வார்த்து மிஞ்சிய சாந்துக் குப்பைக்கு. ஐந்து வருடம் வேலை செய்தவர்களுக்குத்தான் வாக்கு. எனக்கு ஐந்தாவது வருடம் முடிந்திருந்தது.

அந்த வாரத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு மதியம், மாமா ஒரு மருத்துவமனைக்கும் மெழுகண்ணன் சாப்பிடவும் போயிருந்தபோது, ஒரு அம்மா படியேறி வந்தார்.

நோயாளிகள் எங்களிடம் வருவதில்லை. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இந்த அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தோளில் ஒரு நீளப் பை. கைக்குட்டையை விரித்து, நான் போன வாரம் நிறம் தீட்டிய இரண்டு முன்பற்களை மேஜை மேல் வைத்தார். கழற்றி மாட்டும் பல். மாடிப்படியில் விழுந்தவருக்கு என்று சீட்டில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.

"சீட்டுல டாக்டர் கையெழுத்துக்குக் கீழ உங்க விலாசம் இருந்துச்சு," என்றார். "பல்லு ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா வாசிக்க முடியல. காத்து நேராப் போகாம பக்கவாட்டுல போகுது."

"என்ன வாசிப்பீங்க?"

பையைத் தட்டினார். "புல்லாங்குழல். குழந்தைங்களுக்குச் சொல்லித் தரேன்."

பற்களை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். சீட்டில் 'இடைவெளி வேண்டாம்' என்று மருத்துவர் எழுதியிருந்தார். அதன்படி ஒட்டினாற்போல் செய்திருந்தோம். "முன்னாடி உங்க பல்லுல இடைவெளி இருந்துச்சா?"

"ஒரு தாள் நுழையற அளவுக்கு இருந்துச்சு. சின்ன வயசுல அதுக்காக அழுதிருக்கேன். இப்ப இல்லாம அழறேன்."

மருத்துவர் சீட்டில் எழுதியதை நாங்கள் மாற்றக் கூடாது. நான் மெல்லிய அரைக்கும் சக்கரத்தை எடுத்து இரண்டு பல்லுக்கும் நடுவே வைத்தேன்.

"உக்காருங்க. அரைச்சு, மேல் பூச்சு போட்டு, ஒரு தடவை சூளையில வச்சு எடுக்கணும். அரைமணி நேரம் ஆகும்."

பற்களைச் சூளைக்குள் வைத்து, கையோடு கேசட்டையும் தட்டிவிட்டேன். அவர் மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, வரிசையாக அடுக்கியிருந்த சாந்துத் தாடைகளை வேடிக்கை பார்த்தார். இரண்டாவது நிமிடத்தில் புல்லாங்குழல் உள்ளே வந்தது. அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இது எங்கம்மா கெடச்சுது?"

"மாமாவுது. கேமல். வானொலியில வாசிச்சது."

"அப்படியா," என்றார். முகத்தில் வந்த சிரிப்பை, பல் இல்லாததால் கையால் மூடிக்கொண்டார். பதினோராவது நிமிடம் நெருங்கியபோது நான் பழக்கத்தில் விரலைத் தூக்கத் தயாரானேன். அவர் எனக்கு முன்னால் சொன்னார்.

"இப்போ கண்ணாடி விழும்."

டொக்.

"டிரம்ஸ் வாசிச்சவரோட மூக்குக் கண்ணாடி," என்றார். "அது இல்லன்னா அவருக்குக் கையும் தெரியாது காலும் தெரியாது. கீழ குனிஞ்சு தேடிட்டிருக்காரு இப்போ. ரெண்டு நிமிஷம் தேடுவாரு பாருங்க."

என் விரல் மேலேயே நின்றது.

"கண்ணாடிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் நிறுத்துன்னு கை காட்டினாரு. கீபோர்டு நிறுத்திட்டான். கிட்டார் நிறுத்திட்டான். எனக்கு இருபத்திரண்டு வயசு. ஊருல யாரும் எங்களக் கேக்க மாட்டாங்க, அன்னிக்கு ஒரு நாள்தான் உள்ள விட்டாங்க. ஒரு மணி நேரம் குடுத்தாங்க, அதுல அம்பது நிமிஷம் வயரு இழுக்கவே போயிடுச்சு. நிறுத்தினா திரும்ப எடுக்க நேரம் இல்ல. அதனால நான் நிறுத்தல."

இரண்டு நிமிடமும் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆயிரக்கணக்கான தடவை கேட்ட அந்தக் குழலில், முதல் தடவையாக, யாரோ ஒருத்திக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. பிறகு டிரம்ஸ் ஓடிவந்தது.

"கெடச்சிடுச்சு," என்றார்.

"ஆனா உறையில கேமல்னு எழுதியிருக்கே. கடைசியில ஒரு சின்னத் துண்டு வரும். அது கேமல்தான், தட்டுல இருக்கு, மாமா ஒப்பிட்டுப் பாத்திருக்காரு."

"புது டேப்ப எங்களுக்கா குடுப்பாங்க? எதையோ பதிஞ்சு வச்சிருந்த டேப்பு மேலயே எங்களப் பதிஞ்சாங்க. கடைசியில மிச்சம் இருந்தது பழசு. உறையும் பழசு."

கடைசி ஒன்பது விநாடி வந்தது. வேறொரு கிட்டார். இத்தனை நாளாக அதை நாங்கள் 'விடைபெறும் கையசைப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"உங்க பேண்டு பேரு என்னம்மா?"

"பேரு வைக்கிறதுலதான் சண்டை. டிரம்ஸ்காரர் ஒண்ணு சொன்னாரு, கிட்டார் ஒண்ணு சொன்னான். மூணு மாசம் சண்டை போட்டு, பேரு வைக்கறதுக்கு முன்னாடியே பிரிஞ்சிட்டோம்."

சூளை திறந்தது. பற்கள் ஆறியதும் மாட்டிக்கொண்டு, குழலை எடுத்து ஒரே ஒரு சுரம் ஊதினார். பற்களின் இடைவெளி வழியாக அது நேராகப் போனது. எனக்கு நன்றி சொன்னார். பல்லுக்காக யாரும் எனக்கு அதுவரை நன்றி சொன்னதில்லை.

அன்று மாலையே மாமாவிடமும் மெழுகண்ணனிடமும் சொன்னேன். இரவு முழுக்க மனத்தில் வைத்துக்கொண்டு புரளும் குணம் எனக்கில்லை.

மாமா முதலில் சிரித்தார். "மாடிப்படியில விழுந்ததுல பல்லு மட்டும்தான் போச்சாமா?"

"கண்ணாடி விழப்போகுதுன்னு முன்னாடியே சொன்னாங்க மாமா."

"நீ போட்டுக் காட்டியிருப்ப."

"அவங்க படியேறி வந்ததே இன்னிக்குத்தான்."

மாமா கேசட்டைப் போட்டார். தலையைக் குனிந்து, பல்லைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'டொக்' வந்தது. யாரும் விரலைத் தூக்கவில்லை. இரண்டு நிமிடமும் போனது. மாமாவின் முகம் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். அவர் இப்போது நம்பிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார். "குழல் கொஞ்சம் திணறுது இல்ல? சுருதி ஒரு நூல் எறங்குது. கேமல்னு நெனச்சதால கண்டுக்காம விட்டுட்டேன்."

"ஆமாண்ணே," என்றார் மெழுகண்ணன். "கீபோர்டும் கொஞ்சம் பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரிதான் இருக்கு."

"நேத்து வரைக்கும் ப்ராக்லயே துணிச்சலான ரெண்டு நிமிஷம்," என்றேன்.

"துணிச்சல் வேற, தொலைஞ்சுபோன கண்ணாடியத் தேடறது வேற."

"தேடினது டிரம்ஸ்காரரு. நிறுத்தாம வாசிச்சது அந்தம்மா."

"சாயம், கேளு. மகான்னா சும்மா இல்ல. பத்து தட்டு போட்டிருக்கணும். இருபது வருஷம் தாக்குப்பிடிச்சிருக்கணும். கிங் கிரிம்சன எடுத்துக்க, யெஸ்ஸ எடுத்துக்க..."

"யெஸ்ஸு சட்டை மாத்தற மாதிரி ஆள மாத்தினவங்கன்னு நீங்கதானே சொல்வீங்க. ஜெனசிஸ்ல பாடறவரு போனதும் டிரம்ஸ் வாசிச்சவரே பாட ஆரம்பிச்சாரு, அதோட ஆத்மா போச்சுன்னு சொன்னதும் நீங்கதான். அவங்கெல்லாம் முன்னாடி இருக்கலாம். பதினெட்டு நிமிஷம் ஒரு தப்புக்கூட விடாம..."

"சுருதி எறங்குது."

"இன்னிக்குக் காலையில எறங்கலையே மாமா."

அவர் கேசட்டை வெளியே எடுத்து உறைக்குள் போட்டார். 'கேமல், வானொலி'. அந்த எழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். "இது கேமலாவே இருக்கட்டும்," என்றார். "யாருக்கு என்ன நஷ்டம். இந்தக் கூடத்த விட்டு வெளிய போகாது. அந்தம்மாவும் திரும்ப வரப் போறதில்ல."

வந்தார். நாலாவது நாள், பல்லின் விளிம்பு உதட்டில் உரசுகிறது என்று. மாமா பின்னால் உலோகம் வார்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே, இடது முன்பல்லுக்கு உரிமை கேட்கப் போகிறேன் என்று சொன்னேன். அவருக்குத் தாடையைக் காட்டிப் புரியவைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வேணாம்மா. நாங்க அவ்வளவு பெரிய ஆளுங்க இல்ல. மூணாவது பகுதியில எனக்கு மூச்சே முட்டிடுச்சு. நல்ல பேண்டுக்காரங்க கேட்டா சிரிப்பாங்க."

"நீங்க சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபமில்லை. "நிறுத்தச் சொல்லி எத்தன பேரு கை காட்டினாங்க இதுவரைக்கும்?"

"ரெண்டு பேரு. உங்களோட சேத்து மூணு."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "அப்போ எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்றார். படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. கூடத்தைக் கழுவி, மேஜைகளைத் துடைத்து, தாடையைக் கீழே இறக்கினோம். கிண்ணத்தை எடுத்ததும் பதினான்கு பற்களும் சன்னல் வெளிச்சத்தில் ஈரம்போல மின்னின. மெழுகண்ணன் தேநீர் ஊற்றினார். வழக்கமாக அன்றைக்குச் சிரிப்பும் கூத்துமாக இருக்கும். போன வருடம் எமர்சன், லேக் அண்ட் பால்மரை முன்னே கொண்டுவர மெழுகண்ணன் பார்த்தபோது, "மூணு வக்கீல் சேந்து நடத்துற ஆபீஸ் பேரு மாதிரி இருக்கு" என்று மாமா சொன்ன ஒரே வார்த்தையில் அவர்கள் தோற்றுப்போனார்கள். இந்த வருடம் தேநீரை ஊதிக் குடிக்கும் சத்தம்தான் கேட்டது.

"யாராவது கேக்கறீங்களா?" என்றார் மாமா, யாரும் கேட்கக் கூடாது என்கிற குரலில்.

நான் எழுந்து நின்றேன். "இடது முன்பல். நான் கேக்கறேன்."

"அது கேமலோடது."

"எதுக்காகக் கேமலுக்குக் குடுத்தீங்க? இந்தப் பதினெட்டு நிமிஷத்துக்காக. அப்போ அத வாசிச்சவங்களோடதுதான் அந்த இடம். கேமல நான் தள்ளல மாமா, எனக்கும் கேமல் பிடிக்கும். கோரைப்பல்லுல உக்காரட்டும். ஜெத்ரோ டல் ஒரு இடம் பின்னால போகட்டும். அவங்களுக்கும் பின்னால இருக்கறவங்க ஒவ்வொரு இடமா நகந்தா, கடைசிப் பல்லு விழும். அதுல யாரு இருக்காங்கன்னு இங்க யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

யாருக்கும் இல்லை. ஆனால் மெழுகண்ணன் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். ஜெத்ரோ டல் அவருடைய உயிர். அந்தப் பாடகர் ஒற்றைக்காலில் நின்று குழல் ஊதுவதைப் போலவே நின்று அவர் மெழுகு உருக்குவார். "எதுக்கு ஜெத்ரோ டல்ல இழுக்கற?" என்றார். அவருடைய வாக்கு அப்போதே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. இடத்தைக் கேட்பவள் யாருடைய இடம் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதற்காகத் திரும்பி உட்காரவும் இல்லை.

"பேரு என்ன எழுதுவ?" என்றார் மாமா. "பேரே இல்லாத பேண்டுக்கு எங்கயாவது இடம் உண்டா?"

"ஒண்ணும் எழுத மாட்டேன்."

நான் செய்த பல்லைச் சூளையில் வைத்தேன். அதைச் செய்ய மூன்று நாள் ஆகியிருந்தது. கடையில் வாங்கிய வெள்ளை இல்லை. அந்த அம்மாவின் பல்லின் நிறம்: வேரோரம் தேநீர் மஞ்சள், நுனியில் மழைநாள் வானத்தின் சாம்பல். கேசட்டை அழுத்தினேன். மூவரும் உட்கார்ந்தோம்.

மாமா கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். மெழுகண்ணன் தரையைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்தேன். இரண்டாவது நிமிடம் குழல் வந்தது. ஆறாவது நிமிடம் தாளம் ஏழு எண்ணிக்கைக்கு மாறியது. மெழுகண்ணனின் குதிகால் தானாகத் தட்டியது, அவர் முழங்காலைப் பிடித்து அதை நிறுத்தினார். பத்தாவது நிமிடம். மாமா கட்டிய கைகளை இன்னும் இறுக்கினார். அவருடைய நெற்றியில் ஒரு நரம்பு தெரிந்தது.

டொக்.

மாமாவின் வலது கை கட்டிலிருந்து விடுபட்டு மேலே வந்தது. ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நின்றது. முப்பத்தைந்து வருடப் பழக்கம். அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். குழல் தனியாகப் போன இரண்டு நிமிடமும் அந்த விரல் அப்படியே நின்றது. டிரம்ஸ் வந்த பிறகுதான் மடியில் போய் விழுந்தது.

சூளை திறந்தது. "வாக்கு," என்றேன்.

நான் கையைத் தூக்கினேன். மெழுகண்ணன் தூக்கவில்லை. "பாட்டு பிடிக்கும்மா," என்றார் தரையிடம். "ஆனா டல்..."

மாமா என்னை நேராகப் பார்த்தார். "இல்ல," என்றார்.

"உங்க வெரலு தூக்குச்சு மாமா."

"வெரலுக்கு வாக்கு கெடையாது. கைக்குத்தான்." உள்ளங்கையை நீட்டினார். "குடு. குப்பையில போடணும். அடுத்த வருஷம் வேணும்னா திரும்பக் கேளு. அதுதான் விதி."

"விதிய யாரு எழுதினது?"

"நான்தான்."

"எத்தன பேருகிட்ட வாக்கு கேட்டு எழுதினீங்க?"

மெழுகண்ணன் இருமினார், அதற்குள் சிரிப்பு இருந்தது. மாமா கையை நீட்டியபடியே இருந்தார். நான் இடுக்கியால் பல்லை எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. விளக்கில் கத்தியைக் காய்ச்சி, கேமலைச் சுற்றியிருந்த மெழுகை இளக்கி, அதைப் பத்திரமாக வெளியே எடுத்து ஜெத்ரோ டல்லின் இடத்தில் வைத்தேன். ஜெத்ரோ டல்லை ஒரு இடம் பின்னால் தள்ளினேன். அப்படியே ஒவ்வொருவராக. கடைசிப் பல் மேஜையில் விழுந்து உருண்டது. பெயரில்லாத பல்லை நடுவில் வைத்து அழுத்தினேன். ஐந்து வருடமாகச் செய்யும் வேலைதான்.

"நீ தோத்துட்ட, சாயம்," என்றார் மாமா.

"தெரியும்," என்றேன்.

மறுநாள் காலை அந்தப் பல் தாடையில் இல்லை. கேமல் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. மாமா தம் மேஜையில் குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் அன்றைய வேலைகளை முடித்துவிட்டு, மிச்சமிருந்த பீங்கானில் இன்னொரு பல் செய்தேன். தேநீர் மஞ்சள், மழைநாள் சாம்பல். சூளையில் வைத்து கேசட்டைப் போட்டேன். பதினெட்டு நிமிடம் மாமா தம் இடத்தை விட்டு எழவில்லை. பல் வெந்ததும் எடுத்து நடுவில் வைத்தேன். மறுநாள் காலை அதுவும் இல்லை.

"உன் அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்றார் ஒரு நாள்.

"சொல்லுங்க. உங்க அக்காவும் நிறுத்தச் சொன்னதக் கேட்டு வளந்தவங்க இல்ல."

"அதான் எனக்குத் தெரியுமே," என்று முனகினார்.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வாரம் ஒரு நாள் என் மேஜைக்குப் போனபோது மெழுகுக் கத்தி ஏற்கெனவே காய்ந்து தயாராக இருந்தது. மெழுகண்ணன் ஒற்றைக்காலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பிடுங்கிய பற்களைக் குப்பையில் போடவில்லை என்பதையும் கண்டுபிடித்தேன். உலோக அறையின் சன்னல் விளிம்பில், பழைய கேசட் உறை ஒன்றின் மேல் அடுக்கி வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு. அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் நாலு பிடுங்கினா ஒரு வாய் நெறஞ்சிடும்," என்றேன். "எல்லாமே முன்பல்லு. கடைவாயே இல்லாத வாயி."

"அத மாட்டிக்கிட்டு ஒருத்தன் எப்படிச் சாப்பிடுவான்?"

"சாப்பிட வேணாம். ஊதட்டும்."

மாமா என்னைத் தாண்டிக் கூடத்துக்குள் போனார். இருபத்தொன்பதாவது பல்லைச் சூளைக்குள் வைத்துவிட்டு, கேசட்டை எடுக்கத் திரும்பினேன். அது ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது.